பச்சையில மனை வாங்கலாமா? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

போன தடவ, ஊரை சுத்தி இருக்கிற பச்சை நிலத்துல மனை போடுறதைப் பத்தி நாலே வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜும் இன்னும் கேட்டு முடிக்கல. அதனால இந்த தடவ பட்டா பெயர் மாற்றம், பாகப்பிரிவினை எல்லாத்தையும் ஓரமா வெச்சிட்டு இது ஒன்னுதான்.

பச்சைன்னா என்னன்னு கேட்டவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மாஸ்டர் பிளான்னு ஒன்னு போடுவாங்க, அதுல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் இது வீட்டுக்கு, இது கடைக்கு, இது ஃபேக்டரிக்கு, இது விவசாயத்துக்குன்னு பிரிச்சு கலர் அடிச்சிருப்பாங்க. வீடு மஞ்சள், விவசாயம் பச்சை. நான் டிராஃப்ட்ஸ்மேனா வேலைக்கு சேர்ந்தப்போ கம்ப்யூட்டர் கிடையாது, கையாலதான் அடிப்போம். பச்சைக்கு மேல மஞ்சள் அடிச்சா ஒரு மாதிரி அழுக்கு கலர் வரும், அதனால அந்த துண்டை மட்டும் பிளேடால சுரண்டிட்டு திருப்பி அடிக்கணும். அந்த சுரண்டலை ஞாபகத்துல வெச்சுக்கிட்டு கீழ படிங்க.

கேள்வி: ஐயா, சோழவரம் தாண்டி ஒரு இடம் பார்த்தோம். பக்கத்துல சிஎம்டிஏ அப்ரூவல் உள்ள மனை விலையில பாதிதான் சொல்றாங்க. "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார், 2016க்கு முன்னாடியே பதிவானது, தைரியமா வாங்குங்க"ன்னு புரோக்கர் சொல்றார். வாங்கலாமா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: தம்பி, லேஅவுட்டுக்கு, அதாவது நிலத்தை மனை மனையா பிரிக்கிற வரைபடத்துக்கு, அப்ரூவல் கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்து தலைவருக்கு கிடையாது. சென்னை பெருநகர எல்லைக்குள்ளன்னா சிஎம்டிஏ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்), வெளியன்னா டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்). தலைவர் போட்ட ரப்பர் ஸ்டாம்பை பிளாஸ்டிக் கவர்ல போட்டு காட்டுவாங்க, அது வெறும் ஸ்டாம்புதான்.

அந்த "2016க்கு முன்னாடி" கதை எங்கிருந்து வந்துச்சுன்னா, அந்த வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதி ஹைகோர்ட்டு, அப்ரூவல் இல்லாத மனையை இனிமே பதிவு பண்ணாதீங்கன்னு சொல்லிடுச்சு. ரியல் எஸ்டேட் ஆளுங்க பாதி பேரு அன்னைக்கு படுத்தவங்கதான். அப்புறம் பதிவு சட்டத்துல 22-ஏன்னு இருக்கிற பிரிவுல ஒரு விலக்கு வந்தது, 20.10.2016க்கு முன்னாடியே அந்த இடம் வீட்டு மனைன்னு பதிவாகியிருந்தா மறுபடி கைமாத்தும்போது பதிவு பண்ணலாம்னு. 2017ல வரன்முறை திட்டமும் வந்துச்சு, அப்ரூவல் இல்லாத மனையை கட்டணம் வாங்கிட்டு முறைப்படுத்துறது. புரோக்கர் இந்த ரெண்டையும் கலந்து ஒரு சாம்பார் வெச்சு உங்களுக்கு ஊத்துறார்.

நீங்க செய்ய வேண்டியது, அதே மனை நம்பருக்கு, பக்கத்து மனைக்கு இல்ல, அதே மனைக்கு வில்லங்கம் போட்டு அந்த தேதிக்கு முன்னாடி கிரயம் இருக்கான்னு பாருங்க. இருந்தாலும் வரன்முறை ஆர்டர் கேளுங்க. பத்திரம் பதிவாகுறது வேற, அங்க வீடு கட்ட பிளான் பாஸ் ஆகுறது வேற, பேங்க்குல லோன் கேட்டு போனீங்கன்னா அந்த வித்தியாசத்தை அவங்களே சொல்லிடுவாங்க. நீர்நிலை, கால்வாய் மேல விழுந்த மனையா இருந்தா எந்த வரன்முறையும் கிடைக்காது.

கேள்வி: ஒரு இடம் பச்சையா மஞ்சளான்னு சாதாரண ஆளு எப்படி கண்டுபிடிக்கிறது? (வாசகி, போரூர்)

பதில்: மொதல்ல சர்வே நம்பர், உட்பிரிவு நம்பரோட கேளுங்க மேடம். "சர்வே நம்பர் அப்புறம் தர்றோம், சைட்டை வந்து பாருங்க, ஏசி வண்டி அனுப்புறோம், மத்தியானம் பிரியாணி"ன்னு சொன்னா பிரியாணியை சாப்பிட்டுட்டு வந்துடுங்க. நம்பர் கிடைச்சா சிஎம்டிஏ சைட்லயே கிராமமும் சர்வே நம்பரும் போட்டு எந்த மண்டலம்னு பார்க்கலாம். 2008ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான்ல இது இருக்கு. அது 1,189 சதுர கிலோமீட்டருக்குத்தான் போட்டது, 2022ல எல்லையை 5,904 சதுர கிலோமீட்டரா பெருசாக்கிட்டாங்க, அதனால புதுசா சேர்ந்த ஊர்னா கொஞ்சம் விசாரிச்சுத்தான் பார்க்கணும்.

விவசாய மண்டலம் ஒன்னு மட்டும்னு நினைக்காதீங்க. செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்பு பகுதின்னு தனியா இருக்கு, திருவான்மியூருக்கு தெக்கால கடற்கரை ஓரமா நிலத்தடி நீர் ஊறுற பகுதின்னு இருக்கு, பள்ளிக்கரணை சதுப்புன்னு இருக்கு. ஒவ்வொன்னுக்கும் தனித்தனி ரூல்.

அப்புறம் எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) வாங்குங்க, அ-பதிவேடு (கிராமத்து நில விவரப் பதிவேடு) பாருங்க. நிலத்துக்கு பக்கத்துல "ஓடை", "வாய்க்கால்", "மேய்க்கால்"னு எதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. இவ்வளவும் முடியலன்னா ஊர்ப் பேரைப் பாருங்க. தாங்கல்னு முடிஞ்சா அது தண்ணி தாங்கின இடம், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் மாதிரி. அந்த காலத்துல பேரு வெச்சவன் ரியல் எஸ்டேட்காரன் இல்ல, "க்ரீன் மெடோஸ்", "லேக் வியூ"ன்னு போர்டு வெக்கிறது இப்பதான். லேக் வியூன்னு போட்டிருந்தா ஒருவகையில உண்மையைத்தான் சொல்றாங்க.

கடைசியா ஒன்னு, ஐப்பசி கார்த்திகையில ஒரு நாள் மழை விட்ட மறுநாள் போய் நில்லுங்க. சித்திரையில எல்லா நிலமும் மனைதான்.

கேள்வி: செங்குன்றம் ஏரிக்கு மேல எங்களுக்கு இரண்டரை ஏக்கர். அப்பா காலத்துல நெல்லு, இப்ப ஆளு கிடைக்கல, மல்லி கொஞ்சம் போட்டிருக்கோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் சென்ட் கணக்குல வித்து பையனை வெளிநாடு அனுப்பிட்டான். என் நிலம் நீர்ப்பிடிப்புன்னு சொல்லி லேஅவுட் போட முடியாதுங்கறாங்க. மெட்ராஸ்காரன் தண்ணி குடிக்கணும்னா என் பொண்ணு கல்யாணம் நிக்கணுமா? பதில் சொல்லுங்க. (விவசாயி, செங்குன்றம் பக்கம்)

பதில்: ஐயா, உங்க லெட்டரை மூணு தடவ படிச்சேன். பச்சையைக் காப்பாத்தணும்னு மேடையில பேசுற யாரும் இந்த கேள்விக்கு நேரா பதில் சொல்லி நான் பார்த்ததில்ல, என்கிட்டயும் முழுசா இல்ல.

ஏன் கட்டுப்பாடு வெச்சாங்கன்றது உங்களுக்கே தெரியும். புழல் ஏரி, அதாவது உங்க செங்குன்றம் ஏரி, 1876ல கட்டினது, நிறைஞ்சா 3,300 மில்லியன் கன அடி. அதுக்கு வர்ற மழைத்தண்ணி உங்க நிலத்து மேலதான் ஓடி வருது. அங்க ஆயிரம் வீடு வந்து ஆயிரம் செப்டிக் டேங்க் வந்தா அது எங்க ஊறும்னு சொல்லத் தேவையில்ல. 2019ல ஏரியெல்லாம் காஞ்சு போய் ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்களே, ஒரு ட்ரிப்புக்கு 25 லட்சம் லிட்டர், அது இந்த ஊருக்கு ஒரு வாய்க்கு கூட பத்தல.

ஆனா உங்க கோவம் நியாயம். ரோடு போட நிலத்தை எடுத்தா இழப்பீடு உண்டு. ரோடு அகலப்படுத்த விட்டுக்கொடுத்தவங்களுக்கு டிடிஆர்னு கட்டட உரிமையா கொடுக்கிற ஏற்பாடும் இருக்கு. மேப்புல பச்சை அடிச்சதுக்கு மட்டும் பத்து பைசா கிடையாது, ஏன்னா நிலத்தை உங்ககிட்ட இருந்து எடுக்கல, "பயன்பாட்டை" மட்டும்தான் கட்டுப்படுத்தினோம்பாங்க. என்னைக் கேட்டா, ஏரித்தண்ணியை குழாயில புடிக்கிற ஒவ்வொரு வீடும் வருஷத்துக்கு ஒரு தொகை நீர்ப்பிடிப்பு விவசாயிக்கு கொடுத்தா என்ன குறைஞ்சிடும்? மூணாவது மாஸ்டர் பிளான் வேலை நடக்குது, கருத்து கேட்டா உங்க ஊர்க்காரங்க சேர்ந்து லேஅவுட் கொடுன்னு மட்டும் எழுதாம இதையும் எழுதுங்க. கொடுப்பாங்களான்னு தெரியாது, ஆனா யாரும் கேட்டதா கூட பதிவு இல்லாம இருக்கக்கூடாது.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். "பவர் மட்டும் கொடுங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்"னு ஒருத்தன் வருவான், பவர்னா உங்க சார்பா விக்கிற அதிகாரம். அவன் அப்ரூவல் இல்லாம துண்டு போட்டு வித்துட்டு போயிடுவான், பத்திரம் ஒவ்வொன்னுலயும் விக்கிறவர்னு இருக்கிறது உங்க பேரு. நாளைக்கு நாப்பது குடும்பம் கோர்ட்டுக்கு போனா தேடி வர்றது உங்க வீட்டைத்தான். பொண்ணு கல்யாணத்துக்கு அது வேண்டாம் ஐயா.

கேள்வி: தி.நகரே ஒரு காலத்துல ஏரிதானே? அன்னைக்கு ஏரியில வீடு கட்டினவன் கோடீஸ்வரன், இன்னைக்கு நான் ஏரிக்கரையில கட்டினா குற்றவாளியா? (வாசகர், மேற்கு மாம்பலம்)

பதில்: ஏரியில கட்டின வீட்ல உக்காந்துக்கிட்டே கேட்டிருக்கீங்க, ரசிச்சேன். உண்மைதான் சார், நுங்கம்பாக்கத்துல இருந்து மாம்பலம் வரைக்கும் லாங் டேங்க்னு நீளமா ஒரு ஏரி இருந்துச்சு, 1920கள்ல அதை வடிச்சுத்தான் தியாகராய நகரை பிளான் பண்ணாங்க. வள்ளுவர் கோட்டம் நிக்கிறதும் அந்த ஏரியில மிச்சம் இருந்த இடத்துலதான். ஊர் பிளானிங்கோட ஆரம்பமே அப்படி, நான் இல்லன்னு சொல்லல.

ரெண்டு விஷயம் மட்டும். அன்னைக்கு மெட்ராஸை சுத்தி மிச்சம் நூத்துக்கணக்குல ஏரி இருந்துச்சு, ஒன்னை மூடினா தண்ணி அடுத்ததுக்கு போச்சு. இப்ப அடுத்தது இல்ல. ரெண்டாவது, அந்த ஏரி போகவும் இல்ல. 2021 நவம்பர்ல ஜி.என்.செட்டி ரோட்ல என்ன நடந்துச்சுன்னு நீங்களே பார்த்திருப்பீங்க, நூறு வருஷம் ஆனாலும் தண்ணி பழைய அட்ரஸுக்கே வருது. தி.நகர்காரங்களுக்கு மோட்டார் வெச்சு இறைக்க கவர்மென்ட்டு ஓடி வருது, தாம்பரம் பக்கம் முடிச்சூர்ல மாட்டினவனுக்கு படகு வர்ற வரைக்கும் மொட்டை மாடிதான்.

கேள்வி: தாம்பரம் பக்கம் எங்க ஏரிக்கு ஓரமா இருக்கிற வயலை குடியிருப்பா மாத்தப் போறதா பேப்பர்ல சின்னதா ஒரு விளம்பரம் வந்திருக்கு. ஆட்சேபணை இருந்தா எழுதலாம்னு போட்டிருக்கு. எழுதினா யாராவது படிப்பாங்களா? என்ன எழுதணும்? (குடியிருப்போர் நலச்சங்க செயலாளர்)

பதில்: அந்த விளம்பரத்தை படிச்சீங்களே, அதுக்கே ஒரு கும்பிடு. பொதுவா அதை படிக்கிறது விளம்பரம் கொடுத்தவனும் அவன் வக்கீலும்தான்.

இதுக்கு பேரு நில உபயோக மாற்றம், பேச்சு வழக்குல ரீகிளாசிஃபிகேஷன். நகர ஊரமைப்பு சட்டம் 1971ல இருக்கிற வழிதான், திருட்டுத்தனம் இல்ல. ஓனர் மனு போடுவார், பேப்பர்ல அறிவிப்பு வரும், டெக்னிக்கல் கமிட்டி பார்க்கும், அப்புறம் மேல போகும், கடைசியில அரசாணையோ கெஜட்டோ வந்து அந்த ஒரு சர்வே நம்பர் மட்டும் பச்சையில இருந்து மஞ்சள் ஆயிடும்.

அந்த "ஒரு சர்வே நம்பர் மட்டும்"ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. ஒரு ஃபைல்ல ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர். தனியா பார்த்தா, அட இதுல என்ன கெட்டுடப் போகுதுன்னு தோணும். மனுவுல எழுதுற காரணத்தைப் பாருங்க, பத்துக்கு எட்டுல "பக்கத்து சர்வே நம்பர் ஏற்கனவே குடியிருப்பு மண்டலமா மாறிடுச்சு"ன்னு இருக்கும். இது மாறினதும் இதுக்கு அடுத்த நிலத்துக்காரர் இதையே காரணமா காட்டுவார். இப்படி ஒன்னைக் காட்டி ஒன்னு, ஏரி மதகு வரைக்கும் வந்துடும். முப்பது வருஷம் கழிச்சு பச்சையை அழிச்சது யாருன்னு கேட்டா ஒரு ஆளை கை காட்ட முடியாது, எல்லாரும் சின்னதா ஒரு துண்டு சுரண்டினவங்கதான், நானும் பிளேடு புடிச்சவன்தான்.

சரி, என்ன எழுதறது. "இயற்கை அன்னையை காப்போம்"னு ஆரம்பிச்சா ஃபைலுக்கு அடியில போயிடும். சர்வே நம்பர், கிராமம், விளம்பரம் வந்த தேதி மொதல்ல. அந்த நிலம் வழியா ஏரிக்கு தண்ணி வர்ற வாய்க்கால் இருந்தா எஃப்எம்பியில கோடு போட்டு ஜெராக்ஸ் வெச்சு, உபரி தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு கிராம வரைபடத்துல காட்டுங்க. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ரெண்டு வெள்ளத்துலயும் எடுத்த போட்டோ சங்கத்துல யார்கிட்டயாவது தேதியோட இருக்கும், தேடுங்க, பின்னாடி தெரியிற கோயில் கோபுரமோ இபி கம்பமோ அடையாளம் சொல்ற மாதிரி இருக்கணும். நீர்வளத்துறைக்கு ஒரு காப்பி. எல்லாமே டெலிவரி ஆனதுக்கு சான்று வர்ற மாதிரி ஸ்பீட் போஸ்ட், அந்த சான்றை பத்திரமா வெச்சுக்கோங்க. சும்மா அம்பது பேர் ஒரே லெட்டர்ல கையெழுத்து போடுறதை விட அஞ்சு பேர் அஞ்சு விதமான ஆதாரத்தோட தனித்தனியா எழுதுறது மேல்.

அதுக்கப்புறம் கமிட்டி மினிட்ஸ்ல உங்க ஆட்சேபணையைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு தகவல் உரிமை சட்டத்துல கேளுங்க. ஒரு வார்த்தை கூட இல்லன்னா அதுவே கோர்ட்டுல உங்களுக்கு ஆயுதம். பசுமை தீர்ப்பாயம் போறதா இருந்தா காலக்கெடு உண்டு, பிரிவு 14ல போடுற மனுவுக்கு ஆறு மாசம், அப்பீல்னா முப்பது நாள்தான், அதுல அசந்துட்டு அப்புறம் வக்கீலை திட்டாதீங்க.

படிப்பாங்களான்னு கேட்டீங்க. ஆட்சேபணையே வராத ஃபைல் வழுக்கிக்கிட்டு போகும், ஒன்னு வந்தா கூட அதுக்கு ஒருத்தர் குறிப்பு எழுதியாகணும். எழுதுற ஆளுக்கு பேனா கொஞ்சம் நடுங்கும். அது போதும்னு சொல்லல, அதுதான் இருக்கு.

கேள்வி: அங்கிள், நாங்க கனடால ஏஜாக்ஸ்ல இருக்கோம். எங்க பக்கத்துல பிக்கரிங்ல கிரீன்பெல்ட் நிலத்தை வீட்டுக்கு திறந்துவிட்டு அப்புறம் கவர்மென்ட்டே வாபஸ் வாங்கிச்சு. ஊர்ல இப்படி எப்பவாவது வாபஸ் வாங்கியிருக்காங்களா? (வாசகி, ஏஜாக்ஸ், ஒன்டாரியோ)

பதில்: உங்க கேஸை நான் சீரியல் மாதிரி ஃபாலோ பண்ணேன்மா. நம்ம வாசகர்களுக்காக கதையை சொல்லிடறேன். டொரான்டோவை சுத்தி 2005ல சட்டம் போட்டு கிட்டத்தட்ட 20 லட்சம் ஏக்கரை கிரீன்பெல்ட்னு காப்பாத்தி வெச்சாங்க. வயல், காடு, ஆத்து மூலம் எல்லாம் அதுல. 2018ல டக் ஃபோர்ட், தேர்தலுக்கு முன்னாடியே, அதுல ஒரு பெரிய துண்டை திறப்போம்னு சொல்லி, எதிர்ப்பு வந்ததும் தொட மாட்டேன்னு வாக்கு கொடுத்தார். ஒன்டாரியோ முதல்வர் ஆனார். 2022 நவம்பர்ல, பத்து வருஷத்துல 15 லட்சம் வீடு வேணும்னு காரணம் சொல்லி, 15 இடத்துல 7,400 ஏக்கரை வெளிய எடுக்கிறோம், பதிலுக்கு வேற இடத்துல 9,400 ஏக்கர் சேர்க்கிறோம்னு அறிவிச்சாங்க. இருக்கிறதுலயே பெரிய துண்டு பிக்கரிங்ல இருக்கிற டஃபின்ஸ் ரூஜ் விவசாய நிலம், நீங்க சொல்ற இடம்.

அப்புறம் 2023 ஆகஸ்ட்ல ஆடிட்டர் ஜெனரல் ரிப்போர்ட் வந்துச்சு பாருங்க, அதுதான் கிளைமாக்ஸ். அந்த 15 இடத்துல 14ஐ செலக்ட் பண்ணது வீட்டுவசதி அமைச்சரோட தலைமை உதவியாளர், சில பில்டர்கள் கவர்ல வெச்சு கொடுத்த இடங்களே லிஸ்ட்ல வந்திருக்கு, பச்சையில இருந்து எடுத்த ஒரே காரணத்தால நிலத்துக்காரங்களுக்கு 830 கோடி டாலர் வரைக்கும் மதிப்பு கூடியிருக்கும். இதுல வேடிக்கை, அந்த அரசாங்கமே போட்ட வீட்டுவசதி குழு அதுக்கு முன்னாடியே, நிலம் இல்லாதது பிரச்னையே இல்லன்னு எழுதி கொடுத்திருந்துச்சு. அமைச்சர் ராஜினாமா, இன்னொரு அமைச்சரும் ராஜினாமா, செப்டம்பர் 21ஆம் தேதி ஃபோர்ட் மன்னிப்பு கேட்டு எல்லாத்தையும் வாபஸ் வாங்கினார், போலீஸ் விசாரணையும் ஆரம்பிச்சுது. இங்கிலாந்துலயும் இப்ப 15 லட்சம் வீடுன்னுதான் கணக்கு சொல்றாங்க, அங்க அஞ்சே வருஷத்துல, அதுக்காக 2024 டிசம்பர்ல கிரீன்பெல்ட்டுக்குள்ளயே "கிரே பெல்ட்"னு ஒரு புது கலரை கண்டுபுடிச்சிருக்காங்க. நாங்கல்லாம் கையில கலர் அடிச்ச காலத்துல சாம்பல் டப்பா எதுக்குமே திறந்ததில்ல.

உங்க கேள்விக்கு வர்றேன். நம்ம ஊர்ல அப்படி மொத்தமா வாபஸ் ஆகாது, ஏன்னா மொத்தமா திறக்கவே மாட்டாங்கம்மா. உங்க ஊர்ல ஒரே நாள்ல 7,400 ஏக்கர், அதனால எல்லா டிவியிலயும் வந்துச்சு, ஜனம் ரோட்டுக்கு வந்துச்சு, கணக்கு போட ஒரு ஆடிட்டர் இருந்தாங்க. இங்க மேல ஒரு செயலாளர் எழுதியிருக்காரே, ஒரு பேப்பர் மூலையில ரெண்டு ஏக்கர். அந்த ரெண்டு ஏக்கருக்கு எந்த ஆடிட்டர் 830 கோடி கணக்கு போடுவார்? பத்து வருஷத்து ரெண்டு ரெண்டு ஏக்கரை எல்லாம் கூட்டி ஒரே மேப்புல போட்டுக் காட்டுங்கன்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், அதை ஒருத்தர் செஞ்சா நம்ம ஊரும் சீரியல் பார்க்கும்.

கேள்வி: ஃபார்ம் லேண்ட்னு 20 சென்ட் விக்கிறாங்க, மாங்கன்னு நட்டு பராமரிச்சு தர்றாங்களாம், வீக்கெண்ட் வீடு கட்டிக்கலாமாம். அப்ரூவல் தேவையில்லன்னு சொல்றது சரியா? (ஐடி ஊழியர், பெங்களூரு)

பதில்: விவசாய நிலமா வாங்குறதுக்கு தேவையில்ல, தமிழ்நாட்டுல யாரு வேணா வாங்கலாம். வீடு கட்ட தேவை. "வீக்கெண்ட் வீடு"ங்கற வார்த்தையை அவங்க பத்திரத்துல எழுத சொல்லுங்க, எழுத மாட்டாங்க. உள்ள போற வழி யாரு பேருல இருக்கு, பொதுப்பாதையா, கூட்டு பட்டாவான்னு பாருங்க, வழி இல்லாத மாந்தோப்பு உங்களுக்கு உதவாது, அணிலுக்குத்தான்.

கேள்வி: பெரும்பாக்கம் பக்கம் ஃபிளாட் புக் பண்ணலாம்னு இருக்கோம். ராம்சார்னு பயமுறுத்துறாங்க. ரெரா நம்பர் இருக்கு, போதாதா? (வாசகர், மேடவாக்கம்)

பதில்: ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் கொடுக்கிற நம்பர் கட்டாயம், 500 சதுர மீட்டருக்கு மேலயோ எட்டு வீட்டுக்கு மேலயோ போனா அது இல்லாம விளம்பரமே பண்ணக்கூடாது, பதிவு பண்ண அக்ரிமென்ட் இல்லாம விலையில பத்து சதவீதத்துக்கு மேல வாங்கவும் கூடாது. ஆனா ரெரா பில்டரை பார்த்துக்கும், தண்ணியை பார்த்துக்காது.

பள்ளிக்கரணை ஒரு காலத்துல அம்பது சதுர கிலோமீட்டர் சதுப்பு. ஒரு பக்கம் குப்பை கொட்டினோம், ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் கண்ணாடி பில்டிங். 2022ல 1,247 ஹெக்டேரை ராம்சார் தளமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிச்சாங்க. தென்சென்னை ஏரிகளோட உபரி தண்ணி அதுல வந்து, ஒக்கியம் மடுவு வழியா கோவளம் பக்கம் கடலுக்கு போகணும். 2025 செப்டம்பர்ல பசுமை தீர்ப்பாயம், எல்லையை தரையில அளந்து முடிக்கிற வரைக்கும் அந்த தளத்துலயும் அதை சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ளயும் கட்டட அனுமதி கொடுக்காதீங்கன்னு சொல்லிச்சு, அதைத் தொட்டு கேஸெல்லாம் நடந்துச்சு. அதனால உங்க ஃபிளாட்டோட சர்வே நம்பர் எல்லைக்கு எவ்வளவு தூரம், திட்ட அனுமதி தேதி என்ன, இன்னைக்கு கோர்ட்டு நிலவரம் என்ன, இந்த மூணையும் பில்டர் சாராத ஒரு வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கிட்டு அப்புறம் செக் எழுதுங்க.

பில்டரை மட்டும் திட்டவும் மனசு வரல. அதே பெரும்பாக்கத்துல 20,000க்கு மேல குடியிருப்பு கட்டினது கவர்மென்ட்டு. வெள்ளத்துல இருந்து காப்பாத்தறோம்னு அடையாறு, கூவம் கரையில இருந்த ஜனங்களை அங்க கொண்டு போய் விட்டாங்க, 2023ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அந்த ஜனம் அங்கயும் தண்ணியில நின்னுச்சு. அவங்க எந்த புரோக்கர் பிரியாணியும் சாப்பிடல.

கேள்வி: எங்க லேஅவுட்ல பார்க்குனு காட்டின இடத்தை இப்ப மனையா விக்கிறாங்க சார்! (வாசகர், ஆவடி)

பதில்: லேஅவுட் 3,000 சதுர மீட்டரை தாண்டினாலே பத்து சதவீதம் திறந்தவெளி, ஓஎஸ்ஆர்னு சொல்றது. ஓஎஸ்ஆரா காட்டின இடத்தை உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதி கொடுத்திருக்கணும். அந்த பத்திர நம்பரை சிஎம்டிஏ லேஅவுட் ஆர்டர்ல இருந்து எடுத்து சப்-ரிஜிஸ்ட்ராருக்கும் உள்ளாட்சிக்கும் ஒரே நாள்ல மனு கொடுங்க, நாளைக்கே போங்க, ஒரு மனை பதிவாயிட்டா அப்புறம் அந்த ஆளும் "நானும் ஏமாந்தவன்"னு உங்க பக்கத்துல வந்து நிப்பார்.

கேள்வி: 2009ல முடிச்சூர் பக்கம் விலை கம்மியா கிடைச்சதுன்னு வாங்கி வீடு கட்டினோம். அப்ப இதெல்லாம் யாரும் சொல்லல. 2015ல கீழ் வீடு முழுக்க தண்ணி. மீட்டர் பாக்ஸை ஏழடி உயரத்துக்கு ஏத்தி வெச்சிருக்கோம். பையன் வித்துட்டு வரச் சொல்றான். வாங்க வர்றவங்ககிட்ட வெள்ளத்தைப் பத்தி சொல்லித்தான் ஆகணுமா? சொன்னா யார் வாங்குவா? (வாசகி, 63 வயசு)

பதில்: சட்டப்படி சொல்லணும்மா. சொத்து மாற்று சட்டத்துல பிரிவு 55, வாங்குறவர் சாதாரணமா பார்த்து கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை விக்கிறவருக்கு தெரிஞ்சிருந்தா அதை சொல்லணும்னு இருக்கு. சொல்லாம வித்து நாளைக்கு அவர் கேஸ் போட்டா அலையப் போறது உங்க பையன் இல்ல, நீங்க.

சொன்னா விலை குறையும், நிஜம்தான். ஆனா வாங்குறவரும் இல்லாம போகல, அந்த ஏரியாவுல 2015க்கு அப்புறமும் வீடு கைமாறிக்கிட்டுத்தான் இருக்கு. தண்ணி எவ்வளவு வந்துச்சு, எத்தனை நாள் நின்னுச்சு, அதுக்கப்புறம் வடிகால் போட்டாங்களா, 2023ல வந்துச்சா இல்லையான்னு ஒரு பேப்பர்ல எழுதி, வீட்டை காட்டும்போதே கையில கொடுத்துடுங்க, பேரம் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். கீழ் வீட்டுக்கு பெயின்ட் அடிச்சிட்டு காட்டலாம்னு பையன் சொன்னா அடிங்க, தப்பில்ல. ஆனா சுவரை எவ்வளவு வெள்ளையா அடிச்சாலும், வர்றவர் உள்ள நுழைஞ்சதும் மொதல்ல அண்ணாந்து பார்க்கப் போறது அந்த மீட்டர் பாக்ஸைத்தான்மா.